இது யார் என்று கேளாதீர்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நிழற்படம் தொங்குகிறது. 1973 ஆம் ஆண்டு அட்டன் நகரில் எடுத்தது. நடுவில் என் பெரியம்மாவும் பெரியப்பாவும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் மூவரும் அருகில் நிற்கிறார்கள். ஓரத்தில், படத்துக்கு வெளியே நழுவிவிடுபவர் போல, என் தாயார் நிற்கிறார். இந்தியாவுக்குக் கப்பலேறுமுன் எடுத்துக்கொண்ட படம் அது. பெரியம்மா குடும்பம் தலைமன்னார் வழியாக நீலகிரிக்குப் போயிற்று. அம்மா இத்தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

அம்மா நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், அடுப்பில் வைத்த தேத்தண்ணீரை மறந்தார். பின்னர், முந்திய நாள் வந்துபோன பேத்தியை மறந்தார். ஒருநாள், ஆயுள் முழுவதும் நடந்த குறுக்குப் பாதையில், கோயிலுக்கும் லயத்துக்கும் இடையே வழி தெரியாமல் நின்றார். “வயசு போனா மறதி வரும்தானே” என்று லயத்தார் ஆறுதல் கூறினர். நானும் அவ்வாறே நம்பினேன். வைத்தியர்தாம் அதற்கு ஒரு பெயர் சொன்னார்: முதுமறதி நோய், ஆங்கிலத்தில் டிமென்ஷியா, அதிலும் அல்சைமர் வகை.

முதுமை வேறு, இந்நோய் வேறு. 1901 ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருத்தியைக் கண்டார். அவள் பெயர் ஆகஸ்டே டேட்டர். பெயரை எழுதச் சொன்னபோது, ‘திருமதி’ என்னும் சொல்லை எழுதினாள். அடுத்து எழுத வேண்டியது அவளுக்கு மறந்துபோயிற்று. 1906 இல் அவள் இறந்த பின்னர் அவளது மூளையை ஆராய்ந்த அல்சைமர், அதில் படிந்த திட்டுகளையும் நரம்பணுக்களில் விழுந்த முடிச்சுகளையும் கண்டு உலகுக்கு அறிவித்தார். தொலைந்ததாகக் கருதப்பட்ட அவளது மருத்துவக் குறிப்பேடு 1995 இல் மீண்டும் கிடைத்தது. அதனோடு கிடைத்த நிழற்படத்தில் அவள் கேள்விகளால் களைத்தவள் போலத் தோன்றுகிறாள்.

நான் ஓர் ஆசிரியன். திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் மனத்தில் நிற்கும் என்று நம்பிப் பழகியவன். ஆகவே மாலைதோறும் சுவர்ப்படத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தேன். “இது யாரு? பக்கத்துல நிக்கிறது யாரு?” என்று விரலால் சுட்டிக் கேட்டேன். அவர் சில நாள் சொன்னார். சில நாள் சொல்லவில்லை. நான் மனத்துக்குள் புள்ளியிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாலை அவர் படத்தை என்னிடமே நீட்டிவிட்டு எழுந்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், கைகட்டி நின்றார். “எனக்குத் தெரியாதுங்க ஐயா. கங்காணியக் கேளுங்க” என்றார்.

பெற்ற மகனை அவர் அறியவில்லை என்ற துயரம் முதலில் வந்தது. அவர் என்னை யாராகக் கண்டார் என்ற எண்ணம் பிறகு வந்தது. அதுதான் என்னை உலுக்கிற்று.

மலையகத்து மக்களிடம் கேள்வியும் நிழற்படமும் சேர்ந்து வந்த சரித்திரம் ஒன்று உண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழியின் பிறப்பிடத்தைக் கேட்டது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம் இடைவிடாது இங்கு வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. 1964 இல் செய்துகொண்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் கந்தோர் மேசைகளின் முன்னே எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! என் பாட்டனாரின் பின்னால் அவ்வாறு நின்ற இளம்பெண்களுள் அம்மாவும் ஒருவர். தெரியாத விடைக்குத் தண்டனை உண்டு என்று அந்த மேசை அவருக்குக் கற்பித்திருந்தது. மற்றவை கரைந்துபோன மனத்திலும் அந்தப் பாடம் கரையவில்லை. அந்த மேசையை நான் எங்கள் இஸ்தோப்புக்கே கொண்டுவந்துவிட்டேன்.

அன்றோடு அந்தப் பரீட்சையை நிறுத்தினேன்.

இந்நோய் முதலில் தாக்குவது பெரும்பாலும் மூளையில் புதிய ஞாபகங்களைப் பதிக்கும் பகுதியையே. ஆதலால் நேற்றைய நாள் முதலில் போகிறது. பழைய நாள் நெடுநேரம் தங்குகிறது. கை கற்ற தொழில் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது. அது இன்னும் பிந்தியே போகும். மற்றொன்றும் உண்டு. ஒரு நிகழ்ச்சி மறந்த பின்னும், அது தந்த அச்சமோ மகிழ்ச்சியோ சற்று நேரம் மனத்தில் எஞ்சி நிற்கும். நான் கேட்ட கேள்வி மறந்திருக்கும். அது மூட்டிய நடுக்கம் அன்றிரவு முழுவதும் அவருடன் இருந்திருக்கும்.

பின்னர் கைத்தொலைபேசியால் அம்மாவின் அன்றாடத்தைப் படமெடுக்கத் தொடங்கினேன். அதிகாலை, தோட்டத்துச் சங்கு ஒலிக்குமுன் எழுந்து, இல்லாத படங்கை இடுப்பில் கட்டப் பார்க்கும் அம்மா. முற்பகல், முருங்கைக் கீரை ஆயும் அம்மா. கண் எங்கோ பார்க்க, விரல்கள் மட்டும் இரண்டிலையும் மொட்டும் கிள்ளுவது போல வேகமாய் இயங்குகின்றன. மாலை, அடுத்த காம்பராக் குழந்தைக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டும் அம்மா. ஒருநாள் அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அன்று படம் எடுக்கவில்லை. இழந்தவற்றையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இருப்பவற்றை அப்படங்கள் காட்டின. அமெரிக்கச் சமூகவியலாளர் கேத்தி கிரீன்பிளாட் இந்நோயாளரைப் பல நாடுகளில் படமெடுத்து, 2004 இல் ஒரு நூலும் வெளியிட்டார். இவர்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்பதே அவர் படங்கள் உணர்த்தும் செய்தி.

நிழற்படக் கலையில் புகழ்பெற்ற ஒருவர் எங்கள் பக்கத்திலேயே உறங்குகிறார். டெனிசனையும் டார்வினையும் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கெமரன் 1875 இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரி 26 ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது. இங்கும் அவர் சாதாரண மக்களைப் படமெடுத்தார். இங்கிலாந்துப் படங்களில் பெயர்கள் இருக்கின்றன. இலங்கைப் படங்களில் இருப்போர் பெரும்பாலும் பெயரற்றவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கல்லறையருகே நின்றபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று: படத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை, படத்தை வைத்திருப்பவனுக்கே உரியது. வீட்டுக்கு வந்து, சுவர்ப்படத்தின் பின்புறம் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்தேன்.

பெயர் எழுதினால் நோய் தீர்ந்துவிடாது. என் மனைவி காலையில் மலைக்குப் போகிறாள். நான் பள்ளிக்கூடம் போகிறேன். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொள்வது லயத்தின் திறந்த கதவுகள்தாம். தீப்பெட்டியை ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டோம். இலங்கை அல்சைமர் மன்றம் கொழும்பில் இருக்கிறது. நாளாந்தச் சம்பளக்காரருக்குக் கொழும்பு தொலைவு. 2021 ஆம் ஆண்டுக் கணக்கில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பதினான்கு காரணிகளைச் சுட்டியது. இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிக்குறை ஆகியவற்றோடு, இளமையில் கல்வி குன்றுவதும் அவற்றுள் ஒன்று. அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பிள்ளை பார்க்கப் போனவர். ஒரு சிறுமியை வகுப்பறையில் நிறுத்தி வைப்பது அவளுடைய எழுபதாம் வயதுக்கும் செய்யும் உதவி என்பதை ஆசிரிய நண்பர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இப்பொழுதும் சில மாலைகளில் அந்தப் படத்தை எடுக்கிறேன். கேட்பதில்லை, நானே முதலில் சொல்லிவிடுகிறேன். “இது நம்ம பெரியம்மா. இது பெரியப்பா. ஓரத்துல நீங்கதான், அம்மா.” பல நாள் அவர் பேசாமல் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிடுவார். சென்ற வாரம் மழை பெய்துகொண்டிருந்தது. பெரியம்மாவின் முகத்தின்மேல் விரலை வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்காவுக்குக் குளிரு ஆகாது” என்றார்.

பெயரை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.