வைரத்திற்கு மேலே ஒரு படி

நம் வீடுகளில் காலங்காலமாக ஆடிவரும் ஆட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பெரியவர்கள் ஆடும் இவ்வாட்டத்தில் தாயக்கட்டை எப்படி விழுகிறதோ அப்படியே காய் நகரும். ஏணி ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் நம் கையில் இல்லை. இரண்டாம் வகை ஆடு புலி ஆட்டம். இதில் அதிர்ஷ்டத்திற்கு வேலையே கிடையாது. கோடுகளும் காய்களும் இருவர் கண்ணெதிரிலும் இருக்கின்றன. எவர் மூளை கூர்மையோ அவரே வெல்வார்.

மூன்றாம் வகை சீட்டு. கைக்கு வரும் சீட்டு அதிர்ஷ்டம். அதை வைத்து ஆடுவது திறமை. இரண்டும் பாலும் நீரும் போலக் கலந்திருப்பதால்தான் சீட்டாட்டத்தில் தோற்றவர் அதிர்ஷ்டத்தைக் குறை கூறுவதும், வென்றவர் தம் திறமையைப் புகழ்ந்து கொள்வதும் வழக்கமாயிருக்கிறது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழி இவ்விடத்தில் மிகப் பொருந்தும்.

அப்படியானால் ஒருவருடைய உண்மையான திறமையை எப்படி அளப்பது? இக்கேள்விக்குக் கணினிச் சீட்டாட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. சீட்டு என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர்களும் இதைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். சுளிப்பதற்கான காரணமும் பின்னால் வருகிறது.

ஆட்டம் எத்தகையது?

2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 'ஹார்த்ஸ்டோன்' என்னும் கணினிச் சீட்டாட்டத்தை வெளியிட்டது. இருவர் எதிரெதிரே ஆடுவது. இருவரும் பொதுவாக 30 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டைத் தாமே முன்கூட்டித் தேர்ந்து அமைத்துக் கொள்ள வேண்டும். ஒரே சீட்டை இரண்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது. முதல் முறை ஆடும்போது செலவழிக்க ஓர் அலகு ஆற்றல் கிடைக்கும். அடுத்த முறை இரண்டு. இவ்வாறு பத்து வரை வளரும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஆற்றலில் ஒரு விலை உண்டு. எதிரியின் 30 உயிர்ப் புள்ளிகளை முதலில் பூஜ்யமாக்குபவரே வென்றவர்.

சீட்டைக் கலைப்பவர் மனிதரல்லர், கணினி. அந்தக் கணினியின் வரலாற்றில் நம் ஊர்த் தறிக்கும் உறவு உண்டு என்பதை மாணவிகள் அறிய வேண்டும். காஞ்சிபுரம், திருப்பருத்திக்குன்றம் பகுதித் தறிகளில் ஜக்கார்டு பெட்டியையும் அதில் தொங்கும் துளையிட்ட அட்டைகளையும் பார்த்திருப்பீர்கள். எந்த இழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்று அந்தத் துளைகளே தறிக்குச் சொல்கின்றன. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான், துளையட்டையால் கணக்குப் போடும் எண்ணம் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவருக்குத் தோன்றியது. நம் புடவைக் கரையில் அன்னத்தை வரையும் அட்டையும், இன்று திரையில் தோன்றும் சீட்டும் ஒரு வகையில் உறவினர்களே.

அதிர்ஷ்டத்தைக் குறைக்கும் வழி

அதிர்ஷ்டத்தை ஒழிக்க முடியாது. ஆனால் குறைக்க முடியும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். முதலில் ஆடுபவர் கைக்கு மூன்று சீட்டுகள் வரும். 30 சீட்டுகளில் நமக்கு மிகத் தேவையான சீட்டு இரண்டு பிரதிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். வந்த மூன்றில் அவற்றுள் ஒன்றேனும் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 19 மட்டுமே. ஆனால் வேண்டாத சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்க ஒருமுறை உரிமை உண்டு. மூன்றையும் மாற்றினால் ஆறு சீட்டுகளைக் கண்டவர்களாகிறோம்; வாய்ப்பு ஏறத்தாழ 37 ஆகிவிடும். பார்வைக்கு அழகாயிருக்கும் விலையுயர்ந்த சீட்டை விட மனமின்றி வைத்துக் கொள்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். நிகழ்தகவுப் பாடம் படித்த மாணவிகள் இக்கணக்கைத் தாங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

பிரிட்ஜ் என்னும் பழைய சீட்டாட்டத்தில் வேறொரு வழி கண்டார்கள். போட்டிகளில் ஒரு மேசையில் பகிர்ந்த அதே சீட்டுகளை மற்ற மேசைகளிலும் கொடுத்து ஆடச் சொல்வார்கள். சீட்டு எல்லோருக்கும் ஒன்றேயாதலால், ஆடிய விதம் மட்டுமே வேறுபடும். 2018-இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் 60 வயதான பிரணாப் பர்தனும் 56 வயதான சிப்நாத் சர்க்காரும் ஆவர். அந்த வயதில் தங்கம் பெறுவது சீட்டின் தயவால் நடக்கக் கூடியதா?

கணினிச் சீட்டாட்டம் மேற்கொண்ட வழி மூன்றாவது. அது ஒருவரைப் பற்றி ஒரே ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கில் ஆடவைத்துப் பார்க்கிறது. இதற்காக அமைந்ததே தரப் படிக்கட்டு.

படிக்கட்டும் அதன் கணக்கும்

2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த முறைப்படி வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என ஐந்து நிலைகள் உள்ளன. ஒவ்வொரு நிலையிலும் பத்துப் படிகள். ஒவ்வொரு படிக்கும் மூன்று நட்சத்திரங்கள். ஆக மொத்தம் 150. வென்றால் ஒரு நட்சத்திரம் சேரும். தோற்றால் ஒன்று போகும். வைரத்தையும் தாண்டியவர் 'லெஜண்ட்' எனப்படும் உச்சத்தை அடைகிறார். அங்கே நட்சத்திரம் இல்லை. தாம் ஆடும் வட்டாரத்தில் அந்நிலையை எட்டிய ஆட்டக்காரரிடையே தமக்குரிய இடம் எத்தனையாவது என்னும் எண் மட்டுமே உண்டு.

கீழ்ப்படிகளில் சலுகைகள் பல. தொடர்ந்து மூன்று முறை வென்றால் கூடுதல் நட்சத்திரம் கிடைக்கும். ஒவ்வொரு நிலையிலும் பத்தாம் படியையும் ஐந்தாம் படியையும் எட்டிவிட்டால் அதற்குக் கீழே விழமாட்டோம். ஆகவே ஏறுவது எளிதாகத் தோன்றும். ஆனால் வைரத்தின் ஐந்தாம் படி வந்ததும் தொடர் வெற்றிக்கான சலுகை நின்றுவிடும். அங்கிருந்து உச்சிக்குச் சுமார் 15 நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வேண்டும். பலர் மாதக்கணக்கில் தங்கிவிடும் இடம் இதுவே.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 60 ஆட்டங்கள் வெல்பவர் 40 தோற்பார். நிகர லாபம் 20. எனவே 15 நட்சத்திரங்கள் பெற அவருக்குச் சுமார் 75 ஆட்டங்கள் ஆகும். நூற்றுக்கு 55 வெல்பவருக்கு நிகர லாபம் 10 தான். அவருக்குச் சுமார் 150 ஆட்டங்கள். ஐந்தாம் படிக்குக் கீழே இறங்குவதில்லையாதலால் இருவருக்குமே எண்ணிக்கை ஓரளவு குறையும். ஓர் ஆட்டத்திற்குப் பத்து நிமிடம் என்று கொண்டால் முதலாமவர் உழைப்பு பன்னிரண்டரை மணி. இரண்டாமவர் உழைப்பு 25 மணி. நூற்றுக்கு ஐந்து வெற்றி கூடினால் உழைப்பு பாதியாகிறது!

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. உச்சியை விரைவில் தொடுகிறவரும் நூறில் நாற்பது முறை தோற்கிறார். 75 ஆட்டங்களுக்குள் தொடர்ந்து நான்கு தோல்வி வந்தாலும் அது வியப்பன்று. அப்போது கோபத்தில் கட்டையே மாற்றிவிட்டு, நள்ளிரவு வரை ஆடி ஈடுகட்ட முயல்பவர் கீழே சரிகிறார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, 'என் கையில் இருந்த சீட்டுகளுக்கு நான் செய்த முடிவு சரிதானா?' என்று கேட்டுப் பார்ப்பவர் மேலேறுகிறார். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை உடைப்பதில்லை. இழையை முடிந்துவிட்டு மேலே நெய்கிறார்.

ஏறிக் காட்டியவர்கள்

2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகள் முதன்முதலாகக் காட்சிப் போட்டியாகச் சேர்க்கப்பட்டன. ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் குஜராத் மாநிலம் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலப் பதக்கம் பெற்றார். அரையிறுதியில் அவர் தோற்றது ஹாங்காங் வீரரிடம் 3-2 என்னும் கணக்கில். மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் வியட்நாம் வீரரை அதே 3-2 கணக்கில் வென்றார். காட்சிப் போட்டியாதலால் அப்பதக்கம் நாட்டின் பதக்கப் பட்டியலில் சேரவில்லை. எனினும் ஒரு முழு ஆட்டத் தோல்வியை மறந்து அடுத்த ஆட்டத்தில் உட்காரும் மனம் அவருக்கு இருந்தது.

2019 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக இறுதிப் போட்டியில் சீனாவின் லி சியாவ்மெங் என்னும் பெண் 3-0 என்று வென்று உலக வாகையர் ஆனார். இவ்வாட்டத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அதற்கு முன்பு ஒரு போட்டிக்காக வரிசையில் நின்றபோது, பெண்ணாயிற்றே, இந்த வரிசை உனக்கில்லை என்னும் பொருளில் ஒருவர் சொன்னதை அவர் வெற்றிக்குப் பின் நினைவுகூர்ந்தார். மாணவிகளே, படிக்கட்டு யார் ஏறுகிறார் என்று பார்ப்பதில்லை. வரிசையில் நிற்பவர்கள்தாம் பார்க்கிறார்கள்.

உச்சியின் மறுபக்கம்

இனிப் பெற்றோரின் முகச்சுளிப்புக்கு வருவோம். முதலாவது, இந்த உச்சி நிலையானதன்று. ஒவ்வொரு மாதமும் படிக்கட்டு புதிதாகத் தொடங்கும். முந்தைய மாதம் உயர்ந்தவருக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் அவரும் மறுபடி ஏறியாக வேண்டும். இரண்டாவது, ஆட்டம் ஒரு நிறுவனத்தின் சொத்து. 2023 ஜனவரியில் சீனாவில் அந்நிறுவனத்தின் வணிக ஒப்பந்தம் முடிவுற்றது. அதே ஆண்டு ஹாங்சோவில் நடைபெற இருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிப் பட்டியலிலிருந்து ஹார்த்ஸ்டோன் நீக்கப்பட்டது. பயிற்சி பெற்றுக் காத்திருந்தவர்கள் ஒரு சீட்டைக்கூடப் போடாமல் திரும்ப நேர்ந்தது. மூன்றாவது, புதிய சீட்டுகளைப் பொட்டலமாகப் பணத்திற்கும் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்த பிறகே தெரியும். பிள்ளையின் கையில் தொலைபேசி இருந்தால் பெற்றோரின் பணப்பையும் அங்கே இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் பந்தயம். ரம்மி பெரும்பாலும் திறமையாட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கூறியது. 'திறமை இருந்தால் பணம் வரும்' என்று விளம்பரம் செய்தவர்கள் இதையே காட்டினார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். நடத்துபவர் 20 ரூபாய் எடுத்துக்கொண்டு வென்றவருக்கு 180 கொடுக்கிறார் என்க. நூறு ஆட்டங்களில் 55 வென்றவருக்கு லாபம் 55 முறை 80, அதாவது 4,400 ரூபாய். 45 தோல்விக்கு இழப்பு 4,500 ரூபாய். படிக்கட்டில் வைத்தால் உச்சிக்கு ஏறக்கூடிய திறமைசாலி, பந்தயத்தில் நூறு ரூபாய் கடனாளி! சமபலம் உடையவருக்கோ ஆயிரம் ரூபாய் இழப்பு. திறமை இருந்தும் பணம் ஏன் கரைகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இத்தகைய இழப்பால் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் வடித்தன. தமிழக சட்டமன்றம் 2022-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையாட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. பந்தயமற்ற மின்விளையாட்டுப் போட்டிகளை அது தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அறிந்திருப்பது நல்லது.

நாம் கொள்ள வேண்டியது

எல்லா மாணவிகளும் இவ்வாட்டம் ஆட வேண்டும் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஆடுபவர் நான்கு விதிகளை மேற்கொள்ளலாம். பணம் வைக்கக் கூடாது. இன்றைக்கு இத்தனை ஆட்டம் என்று தொடங்கும் முன்பே வரையறுத்துக் கொள்ள வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து தோற்றால் அன்று நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் எந்த முடிவு தவறியது என ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

ஆடாதவரும் படிக்கட்டின் கணக்கை எடுத்துக் கொள்ளலாம். ஒரு மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அது ஓர் ஆட்டம். ஒரு போட்டியில் பரிசு கிடைத்தால் அதுவும் ஓர் ஆட்டமே. ஒன்றை வைத்து நம்மைத் தாழ்வாகவோ உயர்வாகவோ எண்ண வேண்டியதில்லை. நூறில் ஐந்தை நாள்தோறும் திருத்திக்கொண்டு வந்தால் போதும். கைக்கு வரும் சீட்டு நம் வசத்தில் இல்லை. அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது முழுவதும் நம் வசத்தில் இருக்கிறது.