பரண்ல கிடக்குற மாயாவியை விற்கப் போறீங்களா?

கம்பத்துலயோ சின்னமனூர்லயோ உங்க சித்தப்பா வீட்டுப் பரண்ல பழைய காமிக்ஸ் கட்டு கிடக்கா? எடைக்குப் போட்டுடாதீங்க. மொபைலும் தபால் ஆபீஸும் இருந்தா அங்கிருந்தே ஆன்லைன்ல விற்கலாம்.

முதல்ல, கையில இருக்கறது எந்தப் பதிப்புன்னு பாருங்க. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயன், ராணி இரண்டும் வந்தது 1984-ல். மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பு ஆனவை. சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுப்பது பழைய பதிப்புக்குத்தான். மறுபதிப்பை அந்த விலைக்குத் தள்ளிவிட்டா, அடுத்த ஆர்டர் வராது. காமிக்ஸ் வட்டம் ரொம்பச் சின்னது பாஸ்!

அதனால அட்டையை மட்டும் போட்டோ எடுத்தா பத்தாது. மாதம், ஆண்டு அச்சான பக்கம், துருப்பிடிச்ச பின், கிழிசல், பின் அட்டை... எல்லாத்தையும் காட்டுங்க. பக்கங்களை எண்ணிடுங்க; நடுத்தாள் கழண்டு போயிருந்தா நாலு பக்கம் காலி. கிழிசலுக்கு செலோடேப் மட்டும் வேண்டாம், பசை மஞ்சளாகி தாளையே கெடுத்துடும்.

ஸ்கேன் பண்ணி பி.டி.எஃப். விற்பது காப்புரிமை மீறல். உங்ககிட்ட இருக்கற புத்தகத்தை விற்கலாம், நகலை அல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில அனுப்பும்போது பிளாஸ்டிக் கவரும் ரெண்டு பக்கமும் கெட்டி அட்டையும் கட்டாயம். பேக் பண்ணி எடை போட்ட பிறகே தபால் செலவைச் சொல்லுங்க. அட்டைக்கும் எடை உண்டு. அந்தக் காசு உங்க லாபத்துல இருந்துதான் போகும்.