அங்கிள் சாமின் வகுப்பில் பேச இடமில்லாதவர்கள்

அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே 1898இல் மூண்ட போர் சில மாதங்களிலேயே முடிந்து, அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. இரண்டு கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸ் தீவுகளும் கைமாறின. கியூபா அமெரிக்கப் படையின் பிடிக்குள் வந்தது. ஹவாய் அதே ஆண்டு ஜூலையிலேயே இணைத்துக்கொள்ளப்பட்டிருந்தது. காலனியாட்சியை எதிர்த்துப் பிறந்த குடியரசு தானே காலனிகளை வைத்துக்கொள்ளலாமா என்று அந்நாட்டு செனட் சபையில் விவாதம் நடந்துகொண்டிருந்த நாள்களில், நியூயார்க்கின் 'பக்' வார இதழ், 1899 ஜனவரி 25 தேதியிட்ட இதழின் நடுப்பக்கத்தில், லூயிஸ் டால்ரிம்பிள் வரைந்த 'பள்ளி தொடங்குகிறது' என்னும் வண்ணக் கருத்துப்படத்தை வெளியிட்டது. ஏகாதிபத்தியத்தைப் பற்றிய வரலாற்றுப் பாடங்களில் ஆசிரியர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் படங்களுள் இதுவும் ஒன்று.

கருத்துப்படம் என்பது நடப்பு அரசியலைக் குறித்து ஒரு தீர்ப்பை ஒரே பார்வையில் சொல்லிவிட முயலும் ஓவியம். நாட்டை ஆளாக்கிக் காட்டும் குறியீடு, உடலையோ முகத்தையோ பெரிதுபடுத்தும் மிகை, இன்னார் எனப் பெயர் எழுதி ஒட்டும் சீட்டு, ஒன்றை வேறொன்றாகக் காட்டும் ஒப்புமை, சொல்வதற்கு நேர்மாறாகப் பொருள்படும் முரண் ஆகிய ஐந்தும் அதன் கருவிகள் என்று ஆசிரியர்களுக்கான கையேடுகள் கூறுகின்றன. படம் வெளியான காலத்து வாசகருக்கு இவை சட்டெனப் புரிந்திருக்கும். பின்வந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படுகிறது. பாரதி ஆசிரியராக விளங்கிய 'இந்தியா' இதழ் 1906 முதல் கருத்துப்படங்களை வெளியிட்டபோது விளக்கவுரையையும் சேர்த்து அச்சிட்டது இங்கே நினைக்கத்தக்கது.

டால்ரிம்பிளின் படத்தில் அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் ஆசிரியராக மேசைக்குப் பின்னால் நிற்கிறார். மேசைமேல் தன்னாட்சிக்கான முதற்பாடங்கள் என்னும் நூல் கிடக்கிறது. முன்வரிசையில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, ஹவாய், பிலிப்பைன்ஸ் என்று பெயர் தாங்கிய நான்கு பிள்ளைகள் கருத்த நிறத்தினராக, முகம் சுளித்து அமர்ந்திருக்க, பின்னால் கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, அலாஸ்கா என்னும் பழைய மாணவர்கள் ஒழுங்காகப் புத்தகம் படிக்கிறார்கள். ஓரங்களுக்குப் பார்வை செல்லும்போதுதான் படம் முழுமையாகத் திறக்கிறது. இடக்கோடியில் ஒரு கறுப்பினச் சிறுவன் சன்னலைத் துடைக்கிறான். வகுப்பில் இருந்தும் அவன் மாணவன் அல்லன். கதவருகே தனியே அமர்ந்திருக்கும் செவ்விந்தியச் சிறுவன் அரிச்சுவடியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். கையில் நூலுடன் சீனச் சிறுவன் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறான். சீனத் தொழிலாளர் வரவைத் தடுக்கும் சட்டம் 1882இலேயே இயற்றப்பட்டுவிட்டது. இவர்களில் எவரைப் பற்றியும் படத்தின் கீழுள்ள உரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. விவாதம் புதிய காலனிகளைப் பற்றியது. சன்னல் துடைப்பவனின் இடமோ விவாதத்துக்கே உரியதாகக் கருதப்படவில்லை.

கரும்பலகையில், ஆளப்படுவோரின் இசைவு கொள்கையளவில் நல்லது, நடைமுறையில் அரிது என்றும், இங்கிலாந்து இசைவுக்காகக் காத்திராமல் ஆண்டதால் உலக நாகரிகம் முன்னேறியது என்றும், அமெரிக்காவும் அவ்வாறே ஆளவேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இது ஏகாதிபத்தியத்துக்கு ஆதரவா, அதன் வாதத்தை அப்படியே எழுதிக் காட்டி அம்பலப்படுத்தும் முயற்சியா என்று மாணவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட இடமுண்டு. முன்வரிசையின் அவல முகங்களும் பின்வரிசையின் அமைதியும் முதல் கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. சன்னலும் வாசலும் இரண்டாவதற்கு. ஓவியரின் எண்ணம் எதுவாயினும், ஆசியனையும் கரீபியனையும் பள்ளிப் பிள்ளையாக வரைவதில் அன்று எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை என்பதே முதன்மையான சான்று. ஐந்து மாதங்களுக்கு முன், 1898 ஆகஸ்ட் 27 தேதியிட்ட 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' அட்டையில் டபிள்யூ. ஏ. ராஜர்ஸ் இதே வகுப்பறையை வரைந்து, பிலிப்பைன்ஸ் தலைவர் அகினால்டோவுக்கு மக்கு மாணவனின் கூம்புத் தொப்பியைச் சூட்டியிருந்தார்.

அந்த மக்கு மாணவனின் நாட்டில் உண்மையில் நடந்தது வேறு. 1898 ஜூன் 12 அன்று அகினால்டோ விடுதலையை அறிவித்தார். மலோலோஸ் நகரில் கூடிய பேரவை அரசமைப்புச் சட்டம் ஒன்றை வகுத்தது. 1899 ஜனவரி 23 அன்று, 'பக்' இதழின் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, பிலிப்பைன்ஸ் குடியரசு முறைப்படி தொடங்கியது. மணிலாவின் சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611இல் நிறுவப்பட்டது, ஹார்வர்டைவிட 25 ஆண்டு மூத்தது. பிப்ரவரி 4 அன்று மணிலாவில் அமெரிக்கப் படைக்கும் குடியரசின் படைக்கும் போர் வெடித்தது. அப்போரில் 4,200க்கு மேற்பட்ட அமெரிக்கரும் 20,000க்கு மேற்பட்ட பிலிப்பினோ வீரர்களும் மாண்டனர். வன்முறைக்கும் பஞ்சத்துக்கும் நோய்க்கும் பலியான பொதுமக்கள் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் வரலாற்றுப் பிரிவே குறிப்பிடுகிறது. போர் முடியும் முன்னரே, 1901 ஆகஸ்டில், 'தாமஸ்' என்னும் படைக்கப்பல் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்களை மணிலாவில் இறக்கியது. கருத்துப்படத்தின் ஒப்புமை அரசின் கல்வித் திட்டமாகவே ஆகிவிட்டது.

இத்தகைய படத்தை வகுப்பில் காட்டும்போது தலைப்பையும் கீழுரையையும் முதலில் மறைத்துவிட்டு, கண்ணில் படுபவற்றை மட்டும் மாணவர்களை எழுதச் சொல்வது பயன் தரும். பொருள் கூறும் அவசரத்தில் ஓரத்துச் சிறுவர்கள் விடுபட்டுப்போவதை அது தடுக்கும். குறியீடுகளைக் கண்டுபிடித்துப் பட்டியலிடுவதோடு பாடத்தை முடித்துக்கொள்வது பெருங்குறை. படத்தின் இழிவு இன்றும் புண்படுத்தக்கூடியது என்பதையும், அந்த இழிவுக்கு உள்ளான மக்களின் வழிவந்தோர் அதே வகுப்பில் அமர்ந்திருக்கலாம் என்பதையும் ஆசிரியர் மறக்கலாகாது. படத்தை ஒளித்து வைப்பது இதற்குத் தீர்வாகாது. படத்துக்குள் பேசவிடப்படாதவர்களின் சொல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து அதன் அருகில் வைப்பதே தீர்வு.

எதிர்ப்புப் படத்தைக் காட்டினால் மட்டும் இது நிறைவேறிவிடாது. நகைச்சுவை இதழாக அன்று வெளிவந்த 'லைஃப்', 1902 மே 22 தேதியிட்ட அட்டையில், அமெரிக்க வீரர்கள் ஒரு பிலிப்பினோவைக் கிடத்தி வாயில் நீரூற்றிச் சித்திரவதை செய்வதைத் துணிச்சலாக வெளியிட்டது. ஆனால் அதிலும் வாய்திறப்பவர்கள் பின்னணியில் நின்று சிரிக்கும் ஐரோப்பியர்கள்தாம். இனி அமெரிக்கர்கள் தங்களைக் குறைகூற முடியாது என்பது அவர்களின் மகிழ்ச்சி. கிடத்தப்பட்டவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆகவே இவ்விரு படங்களுடன் மலோலோஸ் அரசமைப்புச் சட்டத்தையும் மாணவர்கள் படிக்கவேண்டும். அதன் 23ஆம் பிரிவு, நாட்டின் பள்ளிகளில் மக்களுக்கான கல்வி கட்டாயமாகவும் இலவசமாகவும் அளிக்கப்படும் என்று விதிக்கிறது.