அடுப்பும் அடுதலும்

'அடு' என்னும் வினை தமிழிற் சமைத்தலையும் குறிக்கும். வருத்துதலையும் கொல்லுதலையும் குறிக்கும். சோறு அடுதலும் பகைவரை அடுதலும் ஒரு சொல்லாலேயே வழங்கின. அடுப்பு, அடுக்களை, அட்டில் என்பன முதற்பொருளிற் பிறந்தவை. ஆயின், நமது பழைய வீடுகளிற் கரிபடிந்து கிடக்கும் குசினிகளை நோக்குமிடத்து, மற்றைப் பொருளும் அங்கே குடியிருப்பது புலனாகும். விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை எரித்தலால் வீட்டினுட் காற்று மாசுற்று, 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவருட் பெண்டிரும் குழந்தைகளும் பலர்.

"வாயு அடுப்பு வந்த பின்னர் விறகடுப்பைப் பற்றிய பேச்சு எதற்கு?" என வினவுவாருமுளர். யாழ்ப்பாணத்தார் இதற்கு இருமுறை விடை கண்டுள்ளனர். 1990களிற் போர்க்காலத் தடைகளால் மண்ணெண்ணெய் மருந்துபோல் அளந்து செலவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில், கையிற் பணமிருந்தும் வாயுச் சிலிண்டர் கிடையாது வரிசையில் நின்றோம். இருமுறையும் நம்மைக் காத்தது பழைய அடுப்பே. அதனை இகழ்ந்து ஒதுக்குவதினும் திருத்திக் கொள்வதே அறிவுடைமை.

அதன் குறைதான் யாது? மூன்று கல் வைத்து எரிக்கும் அடுப்பில், விறகின் வெம்மையில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் பானையைச் சேர்வதில்லை. எஞ்சியதைக் காற்றும் சுவரும் கொண்டு போகின்றன. தீயைச் சுற்றிச் சுவரெடுத்து, பானைக்கும் சுவருக்கும் இடையே விரலளவு வெளி மாத்திரம் விடுவோமாயின், சுடுகாற்று பானையைத் தழுவியே வெளியேறும். சுவர்க்கு எடுக்கும் களிமண்ணில் உமி கலந்தால் அது வெம்மையை எளிதிற் கடத்தாது. விறகின் அடியிற் காற்றுப் புகச் சிறு தட்டி அமைத்து, சாம்பலை நாடோறும் வாரிவிடல் வேண்டும்.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. ஓரடுப்பின் எச்ச வெம்மையைப் பக்கத்தே இழுத்து இரண்டாவது கலத்தைச் சூடாக்கும் அமைப்பிற்குக் 'கொடியடுப்பு' என முன்னோர் பெயரிட்டனர். 1980களில் இலங்கையிற் பரவிய 'அனகி' என்னும் மண்ணடுப்பும் இம்முறையினதே. ஒருவாயில் விறகிட, இருகலம் வேகும். அதனை வெறுமனே வையாது, சுற்றிலும் மண் குழைத்துப் பூசிவைப்பது நெடுநாள் உழைக்க உதவும்.

மேனாட்டாரும் இப்பாடத்தைப் படித்தே தேறினர். குளிர்காயும் கணப்பறைகள் வெம்மையைப் புகைக்கூட்டின் வழியே வானுக்கு அனுப்புவதைக் கண்ட றம்போட் பிரபு, புகைக்கூட்டின் கழுத்தை ஒடுக்கினால் புகை நீங்கி அறை சூடுபெறும் என 1796இல் எழுதினார். ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலறிஞர் ஏழைகளுக்கான புகையில்லா அடுப்பை வகுத்து, 1953இல் நூலாக்கினார்.

ஆயினும் அமைத்தல் வேறு, பேணுதல் வேறு. ஒடிசாவில் புகைக்கூட்டு அடுப்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்தோர், முதலாண்டிற் குறைந்த புகை பின்னர்ப் பழையபடி ஆயிற்று எனக் கண்டனர். மக்கள் அவற்றைத் துடைத்தும் பழுதுபார்த்தும் பேணாமையே காரணம். நம் கல்வீடுகளிலும் புகைக்கூடு உண்டு. அதனுட் கரியும் குளவிக்கூடும் அடைந்து கிடப்பதை எத்தனை வீடுகளிற் கண்டுள்ளேன்! மாரிக்கு முன் ஒருமுறையேனும் அதனைத் துடைப்பித்தல் நன்று. சோளகக் காற்று நேரே புகுந்து புகையை மீள உள்ளே தள்ளாதவாறு வாயை மறைத்தலும் வேண்டும்.

எரிபொருளிலும் கருத்து வேண்டும். ஈரவிறகு தன் நீரை ஆவியாக்குதற்கே தன் வெம்மையைச் செலவிடும். அதன் புகையும் கடிது. என் அன்னையார் மாரிகாலத்தில் ஊதுகுழலும் கையுமாய், கண் சிவக்க அமர்ந்திருந்தது இதனாலேயே. பனம்மட்டை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை ஆகியவற்றை வெயிலிற் காயவைத்து, மழைபடாது அடுக்கிவைத்தல் நம்மூர் வழக்கம். அது வழக்கமாகவே நிலைக்கட்டும். நீர் கொதித்தபின் எத்துணை விறகை நுழைப்பினும் திறந்த பானையில் சூடு மேலும் ஏறாது. ஆதலின் மூடியிட்டுத் தீயைத் தணிப்பதே சிக்கனம். பயறு, கடலை என்பவற்றை முன்னரே ஊறவைத்தலும் அத்தகையதே.

இத்திருத்தங்களாற் புகை குறையும், அறவே ஒழியாது. கைக்குழந்தையும் நோயாளரும் உள்ள வீட்டில் வாயுவோ மின்னோ கிடைக்குங்கால் அதனையே கொள்க. பொருளாலோ காலத்தாலோ விறகை விடமுடியாதார்க்கே இவற்றைக் கூறினேன். அத்தகையார் நம்மிடையே சிலரல்லர்.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். வெப்பம் பரவும் வகைகளை வகுப்பறையிற் கற்பிக்கும் நாம், மாணாக்கரைத் தத்தம் வீட்டு அடுப்பையும் புகைக்கூட்டையும் ஒருநாள் ஆராய்ந்து எழுதிவரச் செய்தால் என்ன? நாம் உண்ணும் சோற்றை அடுவது அடுப்பு. அடுவாரை அது அடாதிருக்கச் செய்தல் கற்றோர் கடன்.