இலக்கம் காட்டும் முகம்

பெயர் சொல்லாமல் தொலைபேசியில் மிரட்டுபவனின் பலம் முகமின்மையே. பிரித்தானியாவில் 1994 இல் பிரிட்டிஷ் ரெலிக்கொம் அழைப்பவரின் இலக்கத்தைக் காட்டும் சேவையையும், இறுதி அழைப்பின் இலக்கத்தைச் சொல்லும் 1471 ஐயும் கொண்டுவந்தபோது அப்பலம் குறைந்தது.

ஆனால் முகமின்மை மிரட்டுபவனுக்கு மட்டும் உரியதல்ல. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிக் காப்பகத்திலிருந்து அழைக்கும் பெண்ணுக்கும் அது வேண்டும். முன்னே 141 ஐ அழுத்தினால் இலக்கம் மறையும் என்ற ஏற்பாடு இதற்கு உதவியது. மறைவது அழைப்பைப் பெறுபவரிடமிருந்தே. தொலைபேசி நிலையம் இலக்கத்தை அறியும். ஆகவே தொந்தரவு தொடர்ந்தால் திகதியையும் நேரத்தையும் குறித்துவைத்து முறையிடலாம்.

இணையவழி அழைப்புகள் பெருகியபின் பொய் இலக்கத்தையும் திரையில் காட்ட முடிகிறது. அதற்குத் திருப்பி அழைத்து ஏசினால், ஏச்சு வாங்குபவர் சம்பந்தமேயில்லாத ஒருவராக இருக்கலாம். திரையில் தெரியும் இலக்கம் ஒரு தடயம், தீர்ப்பல்ல.