ஷோகன் சைலன்சரின் பூர்வீகம்

ரோஜர் கார்மன் தயாரித்து 1954-இல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ சொற்பச் செலவில் எடுத்த ஹாலிவுட் படம். பொய்க் கொலைப்பழியில் சிறைபோனவன் தப்பிவந்து, ஒரு பெண்ணையும் அவளுடைய ஜாகுவார் காரையும் கடத்தி, மெக்சிகோ எல்லை தாண்டும் பந்தயத்தில் நுழைந்துவிடுகிறான். கதையில் லாஜிக் பார்க்கக்கூடாது என்பீர்கள்.

ஆனால் ஏழே ஆண்டுகளில், பந்தயத்தைச் சாக்கிட்டு எல்லை தாண்டித் தப்புவது பைக் பந்தயத்தில் நிஜமாகவே நடந்தது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் அணி வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961 செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் ஊர் திரும்பவில்லை. மனைவி மக்களைக் கார் டிக்கியில் ஒளித்து மேற்கே கொண்டுவந்தார்கள். டெக்னர் சேர்ந்த இடம் சுசுகி. கூடவே போனது, எம்இசட் பொறியாளர் வால்டர் காடனின் டூ-ஸ்ட்ரோக் வித்தை. மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு.

அந்த வித்தையில் பாதி சைலன்சரில் இருக்கிறது. இத்தகைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை போக வால்வு கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது புகை போகும் துளை முதலில் திறக்கும். பிறகு பெட்ரோல் கலவை நுழையும். புகையோடு கொஞ்சம் புதுக் கலவையும் தப்பி ஓடும். காடன் புகைக்குழாயை முதலில் விரியவும் பிறகு குறுகவும் செய்தார். அழுத்த அலை விரியும் பகுதியில் உறிஞ்சலாக மாறித் திரும்பி, மிச்சப் புகையை இழுக்கும். குறுகும் பகுதியில் மோதிய அலையோ, துளை மூடுவதற்குச் சற்று முன் வந்து, தப்பிய கலவையை உள்ளே தள்ளிவிடும். 125 சிசி எம்இசட் 1961-இல் 25 குதிரைத்திறன் தந்தது இப்படித்தான். நிமிடத்துக்கு 10,800 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆறு மில்லி விநாடிகூட இல்லை. அதற்குள் அலை போய்த் திரும்பவேண்டும். குறிப்பிட்ட வேகத்தில்தான் கணக்கு கூடும். அதனால்தான் பந்தய டூ-ஸ்ட்ரோக் மந்தமாகக் கிடந்து திடீரென்று பாயும்.

அதே சுசுகியுடன் சேர்ந்து டிவிஎஸ் ஓசூரில் தயாரித்த இண்ட்-சுசுகி 100 சிசி 1984-இல் வந்தது, ஷோகன் பைக் 1993-இல். ரோட்டு வண்டியில் அலை இவ்வளவு ஆவேசம் காட்டாது, தத்துவம் அதேதான். வீட்டில் ஷோகன் நின்றால், சைலன்சருக்குள் படியும் கரியைச் சுத்தம் செய்யுங்கள். சத்தத்துக்காகச் சைலன்சரை வெட்டாதீர்கள். சத்தம் கூடும், பிக்கப் போய்விடும்.