ஒளியைக் கூட்டலும் குறைத்தலும்

அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படத்தின் பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறத்தாழ முழுக் கருமையாகக் காணப்படுவதற்குக் காரணம், இருட்டறையில் அவர் அப்பகுதிக்குக் கூடுதல் ஒளி பாய்ச்சி அச்சிட்டதே ஆகும். இவ்வாறு தாளின் ஒரு பகுதியைக் கருமையாக்குவது 'பர்னிங்' என்றும், கையாலோ அட்டையாலோ ஒளியை மறைத்து வெளிறச் செய்வது 'டாட்ஜிங்' என்றும் வழங்கப்பட்டன. ஃபோட்டோஷாப் மென்பொருளும் தன் கருவிகளுக்கு இப்பெயர்களையே வைத்துக்கொண்டது.

எனினும் அக்கருவிகளை மூலப்படத்தின்மீது நேரடியாகச் செலுத்துவதைவிட, லேயர் எனப்படும் தனி அடுக்கொன்றை அதன்மேல் அமைத்து, 50 விழுக்காட்டுச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, 'ஓவர்லே' என்னும் கலப்பு முறைக்கு மாற்றியபின் வேலை செய்வது நல்லது. சாம்பல் கண்ணுக்குப் புலப்படாது மறைந்துவிட, வெண்தூரிகை பட்ட இடம் ஒளிர்கிறது, கருந்தூரிகை பட்ட இடம் இருள்கிறது, பிழை நேர்ந்தால் சாம்பலை மீண்டும் பூசினாலே போதும். தூரிகையின் அடர்த்தியை 5 முதல் 10 விழுக்காட்டில் வைத்துப் பலமுறை தடவுவதே முகப்படங்களுக்கு ஏற்றது (பொறுமையற்றோர் 50க்குத் தாவிக் கன்னத்தில் திட்டுகளை உண்டாக்கிவிடுவர்). ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளையே கொண்டிருப்பதால், நிழல்களை மிகையாக வெளிறச் செய்யும்போது வண்ணம் பட்டைபட்டையாகப் பிரிவதுண்டு. கேமராவின் மூலத்தரவை அப்படியே கொண்ட 14 பிட் 'ரா' கோப்பிலோ அப்படிநிலைகள் 16,384 ஆகும்.